ஈரிக்கு நிறம் பார்த்த நாட்கள்

இல்லாத ஒரு சாயத்துக்கு நிறம் பார்க்கத்தான் நான் சுவிட்சர்லாந்துக்குப் போனேன். இதை எங்கள் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. மின்வாரியத்தில் கிளார்க்காக இருப்பவள் பத்து நாள் விடுப்புக் கேட்டால் காரணம் சொல்லியாக வேண்டும். சொன்னேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி, "சாயம் பார்க்கணும்னா ஈரோட்டுக்குப் போனா போதாதாம்மா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். குழந்தைகள் மாத இதழ் ஒன்றில் மூன்று வருடம் நான் எழுதிய தொடர்கதையில் நெடும்பாறை என்று ஒரு நாடு வரும். அங்கே விளைவது கல் மட்டும். நூறு கல்லில் ஒரு கல்லுக்குள் ஒரு வண்டு இருக்கும். அது தானாக ஓட்டைக் கழற்றிப் போட்டால், அந்த ஓட்டிலிருந்து ஈரி என்ற சாயம் கிடைக்கும். அடித்துக் கொன்று எடுத்தால் வெறும் கரிதான். ஒரு சேலைக்கு வேண்டிய ஈரி சேர ஒரு ஆயுள் ஆகும். ராணிகள்கூடச் சேலை ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் ஈரி போட்டுக்கொள்வார்கள். ஒரு கிண்ணம் ஈரிக்காக ஆறு தேசங்கள் அடித்துக்கொள்வதுதான் கதை.

ஈரி என்ன நிறம் என்று மட்டும் நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. கேட்ட குழந்தைகளுக்கெல்லாம், "நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் போட்டேன். எழுதுகிறவர்களுக்கு இது சௌகரியம். அச்சடிக்கிறவர்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் லுசேர்ண் நகரத்துப் பதிப்பகம் ஒன்று, அந்தக் கதையைப் படப் புத்தகமாகத் தமிழிலும் ஜெர்மனிலும் சேர்த்துப் போட முன்வந்தது. சென்னையில் எங்கள் ஓவியர் படங்களை வரைந்தார். ஆனால் ஈரி வருகிற இடங்களையெல்லாம் வெள்ளையாக விட்டுவிட்டார். "ஊர்ல யாரும் பார்க்காத சாயத்தை நான் எந்த டப்பாலேர்ந்து எடுக்கிறது? அதுக்குத் தனி மை போடச் சொல்லுங்க" என்றார். பதிப்பகத்தாரும் சம்மதித்தார்கள். வண்ண அச்சுக்கு வழக்கமான நான்கு மைகளுக்கு மேல் ஐந்தாவதாக ஒரு மை. மாதிரிக்கு ஒரு நிறம் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் என் மயில்கழுத்துப் பட்டுச் சேலையின் ரவிக்கைத் துணியில் உள்ளங்கை அகலம் வெட்டி உறையில் போட்டு அனுப்பினேன். மை சரியாக வந்திருக்கிறதா என்று நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு டிக்கெட்டும் அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காலை லுசேர்ணில் இறங்கினேன். பிப்ரவரி மாதம். ஏரி இருக்கிறது என்றார்கள். பனிமூட்டத்தில் எனக்கு ஒரு படகின் நுனி மட்டும் தெரிந்தது. பதிப்பகத்தில் எனக்காகக் காத்திருந்தவர் உர்சுலா. ஐம்பது வயதிருக்கும். நிறுத்தி நிதானமாக இங்கிலீஷ் பேசுவார். ரசம் ஊற்றிக்கொள்கிற அளவுக் கிண்ணத்தில் காபி கொடுத்துவிட்டு, மாதிரித் தாளை மேஜையில் விரித்தார்.

ராணியின் சேலை ஓரத்தில், கிண்ணத்தில், சாயக்காரியின் விரல்களில் எல்லாம் மூன்று நாள் சூடு பண்ணிய கத்தரிக்காய்க் குழம்பின் நிறம்.

"இது என்ன நிறம்? யார் இதைச் செய்தது?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன்.

உர்சுலா கோபித்துக்கொள்ளவில்லை. நான் அனுப்பிய பட்டுத் துண்டை எடுத்துத் தாளின் பக்கத்தில் வைத்தார். "உங்கள் துணியைத்தான் கருவியில் வைத்து அளந்தார்கள். கருவி சொன்ன நிறம் இது."

துணியைக் கையில் எடுத்தேன். ஒரு பக்கம் சாய்த்தால் ஊதா. மறுபக்கம் சாய்த்தால் பச்சை. அப்போதுதான் உறைத்தது. மயில்கழுத்து என்பது நமக்கு ஒரு நிறம். கடையில் கேட்டால் யோசிக்காமல் எடுத்துப் போடுவார்கள். உண்மையில் அது ஒரு நிறமே இல்லை. என் சேலையில் பாவு நூல் ஊதா, ஊடை நூல் பச்சை. நாம் நடக்கும்போதும் உட்காரும்போதும் இரண்டும் மாறி மாறி எட்டிப் பார்க்கின்றன. கருவி நடக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. இரண்டையும் கலந்து சேறாக்கிச் சொல்லிவிட்டது. ஒற்றை நிறம் கேட்டவர்களுக்கு இரட்டை நிறத் துணியை அனுப்பிவிட்டு, அவர்களிடமே குரலை உயர்த்தியவள் நான். மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார்.

பிறகுதான் இடியைப் போட்டார். அச்சகம் வில் என்ற ஊரில் இருக்கிறது. நான்கு மைகளும் ஏற்கெனவே எல்லாத் தாள்களிலும் ஏறிவிட்டன. ஐந்தாவது மைக்கு வியாழக்கிழமை ஒருநாள்தான் மெஷின் கிடைக்கும். வெள்ளிக்கிழமை முதல் அது சாக்லேட் பெட்டிகளுக்கு. அதற்குள் நான் ஒரு நிறத்துக்குக் கையெழுத்துப் போடாவிட்டால், ஈரி வருகிற இடங்களையெல்லாம் சாம்பல் நிறத்தில் அடித்துவிடுவார்கள். "சாம்பல் மிகவும் நாகரிகமான நிறம்" என்று என்னைத் தேற்றினார்.

ஆறு தேசங்கள் அடித்துக்கொண்டது சாம்பலுக்கா? எனக்கு அன்று முழுவதும் அந்த நினைப்புத்தான்.

மத்தியானம் பக்கத்து ஹோட்டலில் சாப்பிடப் போனேன். உருளைக்கிழங்கைத் துருவி அடைபோல வார்த்துக் கொண்டுவந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உப்பைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. மிளகுத்தூள் இருக்கிறதா என்று பணிப்பெண்ணுக்குச் சைகையால் புரிய வைத்துக்கொண்டிருந்தபோது, சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு ஈர ஏப்ரனோடு ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும்.

"அக்கா, இந்தியாவோ? சீலையைக் கண்டனான், அதுதான் வந்தனான்" என்றார். காகிதத்தில் மடித்த மிளகாய்த்தூளை என் தட்டருகே வைத்தார். "அவைக்குக் காட்டாதேங்கோ" என்று பணிப்பெண் பக்கம் கண்ணைக் காட்டினார்.

பெயர் சிவநேசன். யாழ்ப்பாணம். ஊரில் புடவைக்கடையில் எட்டு வருடம் விற்பனையாளராக இருந்தவர். இங்கே அகதியாக வந்து இரண்டு வருடமாகக் கோப்பை கழுவுகிறார். தட்டு, தம்ளர், அண்டா எல்லாம் கழுவுகிற வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஒரு நிமிஷம்தான் பேசினார். உள்ளேயிருந்து யாரோ கத்தியதும் ஓடிவிட்டார். அந்த மிளகாய்த்தூள் இல்லாவிட்டால் அந்த வாரம் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

செவ்வாய்க்கிழமை உர்சுலாவோடு வில்லுக்குப் போனேன். சூரிச்சில் வண்டி மாறவேண்டும். இங்கே ரயிலில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. நம் ஊரில் விழுப்புரம் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரர்களின் குடும்ப விவகாரம் முழுக்கத் தெரிந்துவிடும். இங்கே உர்சுலா தும்முவதற்குக்கூட நாலு பேரிடம் மன்னிப்புக் கேட்டார். பாவம், நிறையவே தும்மினார்.

அச்சகத்தில் மை கலக்குகிறவர் ப்ரூனர் என்ற பெரியவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். ஜெர்மனைத் தவிர வேறு பாஷை தெரியாது. கண்ணாடிப் பலகையில் மையைப் போட்டுக் கத்தியால் வழித்து வழித்துக் கலப்பார். விரலால் தாளில் ஒரு தீற்றுத் தீற்றி விளக்கடியில் காட்டுவார். அன்று மூன்று நிறம் கலந்தார். ஒன்று கரும்பச்சை, ஒன்று நாவல்பழம், மூன்றாவதைச் சொல்வதற்கில்லை. நான் மூன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தேன். நான்காவது கலப்பதற்குள் உர்சுலாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. அவரைக் கைத்தாங்கலாக ரயிலேற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

புதன்கிழமை தனியாகப் போனேன். உர்சுலா படுக்கையிலிருந்தபடியே ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். ரயிலில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் பலகையில் கோசாவ் என்றிருந்தது. வில்லைத் தாண்டி வந்துவிட்டேன். எதிர்ப்பக்க வண்டிக்கு நின்று, திரும்பி, பனியில் நடந்து அச்சகம் போய்ச் சேர்வதற்குள் அரை நாள் போய்விட்டது. ப்ரூனர் கடிதத்தைப் படித்துப் பலமாகத் தலையாட்டினார். பிறகு பட்டுத் துணியை மறுபடியும் கருவிக்குள் வைத்தார். நான் "நோ, நோ" என்று துணியைப் பிடுங்கினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. துணியை ஆட்டிக் காட்டினேன், சுற்றிக் காட்டினேன், ஊதா, பச்சை என்று விரலால் எண்ணிக் காட்டினேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார். கடைசியில் சாம்பல் நிற மை டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் எதிரில் அழக்கூடாது என்று வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நேராக அந்த ஹோட்டலின் பின்பக்கம் போய்ச் சிவநேசனைக் கூப்பிடச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரே நிறம் கேட்டவனுக்கு மயில்கழுத்தை அனுப்பினனீங்களோ?" அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. "எங்கடை கடையிலை எண்டால் முதலாளி துரத்திப்போடுவார்."

"நாளைக்கு என்கூட வர முடியுமா? உங்களுக்கு ஜெர்மன் தெரியுமில்ல?"

"சமையலறை ஜெர்மன்தான் தெரியும். திட்டினால் விளங்கும்." யோசித்தார். "காலமை எனக்கு வேலையில்லை. ஆனால் பின்னேரம் அஞ்சு மணிக்கு நிக்கோணும், அக்கா. கலியாண விருந்து ஒண்டு இருக்குது. இரண்டு தரம் பிந்திப்போட்டன். மூண்டாந்தரம் எண்டால் வரவேண்டாம் எண்டு ஷெஃப் சொல்லிப்போட்டான்."

அவருடைய அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. வேலை இருக்கிறது என்ற காகிதம் கையில் இருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தேதான் கேட்டேன். அவரும் வருகிறேன் என்றார்.

வியாழக்கிழமை விடியும்போது ரயிலில் இருந்தோம். பாணுக்குள் தேங்காய்ச் சம்பல் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பாண் என்றால் ரொட்டி. அந்த நாட்டில் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான் என்று சொல்வேன். எதிரில் இரண்டு வயதான பெண்கள் என் காலில் இருந்த உர்சுலாவின் பூட்ஸையே பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டார்கள்.

"என்ன சொல்றாங்க?"

"சீலையோடை பூட்ஸ் போட்டால் நல்லாத்தான் இருக்குதாம். ஆனால் கால் விறைச்சுப் போகுமாம்."

வழியெல்லாம் கதையைக் கேட்டார். சொன்னேன். குழந்தைகள் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்டார். "வண்டு ஓட்டைக் கழட்டும்வரைக்கும் காவலிருக்கோணும் எண்டால், காவலிருக்கிறவனுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?" என்றார். எழுதவில்லை என்றேன். "எழுதியிருக்கோணும்" என்றார். வண்டி வில்லுக்குள் நுழையும்போது கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். கிண்ணம் யார் கைக்குப் போகிறது என்று தெரியாமல் இறங்கமாட்டேன் என்றார். இறங்கியபடியே சொல்லி முடித்தேன்.

அச்சகத்தில் சிவநேசன் செய்ததை நான் மறக்கமாட்டேன். ப்ரூனர் முன்னால் போய் இரண்டு கைவிரல்களையும் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தார். ஒரு கையை ஆட்டி ஒரு நிறத்தின் பெயர் சொன்னார், மறு கையை ஆட்டி இன்னொன்று. பட்டுத் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு பாவு நூலையும் ஒரு ஊடை நூலையும் நகத்தால் உருவிக் கண்ணாடிப் பலகையில் தனித்தனியாக வைத்தார். ஒன்று ஊதா, ஒன்று பச்சை. ப்ரூனர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். பிறகு ஏதோ கேட்டார்.

"இரண்டிலை எது உங்கடை சாயம் எண்டு கேக்கிறார்" என்றார் சிவநேசன்.

மூன்று வருடமாகக் குழந்தைகள் கேட்ட கேள்வி. என்னிடம் அப்போதும் பதில் இல்லை. ப்ரூனர் கடிகாரத்தைப் பார்த்தார். மெஷின்காரர்கள் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

சிவநேசன் துணியை என் கையிலிருந்து வாங்கினார். கடையில் கொசுவம் வைத்துக் காட்டுவதுபோல இரண்டு விரலில் அதை மடித்துப் பிடித்தார். மடிப்பின் முதுகில் நூலளவுக்கு ஒரு நிறம் நின்றது. ஊதாவும் இல்லை, பச்சையும் இல்லை. கருநீலத்துக்குள் யாரோ விளக்கு வைத்த மாதிரி ஒன்று.

"இதுதானே, அக்கா?"

"இதுதான். இதுவேதான்." என் கதையில் நானே அன்றைக்குத்தான் ஈரியைப் பார்த்தேன்.

ப்ரூனர் கலக்கத் தொடங்கினார். அது லேசில் வரவில்லை. கொஞ்சம் ஊதா கூடினால் மலிவான இனிப்பு உறை மாதிரி ஆனது. பச்சை கூடினால் பாசி. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று மணி போனது. மெஷின்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். நாங்கள் நகரவில்லை. ஒன்றரைக்கு விளக்கடியில் ஒரு தீற்றல் காட்டினார். மடிப்பின் நிறத்துக்கு அச்சு அசலாக இருந்தது. ப்ரூனர் முதல்முறையாகச் சிரித்தார்.

நான் பேனாவை எடுத்தேன். சிவநேசன் என் கையைத் தடுத்தார். "பொறுங்கோ. வெளிச்சத்திலை பாக்கேல்லை."

அட, ஆமாம். டியூப் லைட் வெளிச்சத்தில் எந்தப் பெண் பட்டுச் சேலை எடுப்பாள்? கடைவாசல் வரை தூக்கிக்கொண்டு போய், தெரு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகுதானே விலையே கேட்போம்! தாளையும் துணியையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாசலுக்குப் போனோம். வெளியே பனி வெள்ளை வெளேரென்று கிடந்தது. அந்த வெளிச்சத்தில் துணி அப்படியே இருந்தது. தாளில் இருந்த மை பழுப்பேறிக் காய்ந்த புண் மாதிரி ஆகிவிட்டது.

"பிழை" என்றார் சிவநேசன். நானும் பிழை என்றேன்.

உள்ளே வந்து சொன்னதும் ப்ரூனருக்குக் கோபம் வந்துவிட்டது. வாசலுக்கு வர மறுத்தார். அச்சகத்தில் நிறம் பார்ப்பதற்கென்றே செய்த விளக்கு இது, நாற்பது வருடமாக இதில்தான் பார்க்கிறேன், தெருவில் போய்ப் பார்க்க நான் என்ன காய்கறியா வாங்குகிறேன் என்று கேட்டதாகச் சிவநேசன் சொன்னார். கடைசியில் இன்னொரு முறை கலக்கிறேன், ஆனால் ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஆக ஐந்து நிமிஷம். சிவநேசன் ஐந்து மணிக்கு லுசேர்ணில் நிற்க வேண்டுமானால், இரண்டரைக்குச் சற்று முன்னால் வருகிற வண்டியை விடக்கூடாது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, ஊதா டப்பாவை ப்ரூனர் பக்கம் நகர்த்தி வைத்தார். போகமாட்டார் என்று தெரிந்துவிட்டது. என்னை அங்கே ஊமையாக விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை.

நான் தாளை இழுத்து அதில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சிவநேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "போதும், இது நல்லாத்தான் இருக்கு. வாங்க போகலாம்" என்று அவரைக் கிளப்பினேன். ப்ரூனர் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போதே மெஷின் உறுமத் தொடங்கிவிட்டது.

ஸ்டேஷன்வரை அவர் எனக்கு முன்னாலேயே நடந்தார். பிளாட்ஃபாரத்தில் பத்து நிமிஷம் பக்கத்தில் நின்றோம். வண்டி தூரத்தில் தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"வாசலிலை வைச்சுப் பிழை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? பிறகு ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

"உங்க வேலை போயிடும், சிவநேசன்."

"என்ரை வேலையைப் பற்றி நான் உங்களிட்டைக் கேட்டனானோ?" அவர் இன்னும் ஒரு அடி கிட்ட வந்தார். "இஞ்சை எல்லாரும் என்னைப் பாத்துப் பாவம் எண்டுதான் சொல்லுகினம். காலமை தொடக்கம் நான் பாவப்பட்டவனாய் நிக்கேல்லை, அக்கா. கடையிலை நிண்ட மாதிரி நிண்டனான். பிழையான சீலையைச் சுத்திக் குடுத்துப்போட்டு நான் ஒருநாளும் வீட்டை போனதில்லை."

கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை. வண்டி வந்து நின்றது. அவர் ஏறினார். நான் ஏறப் போனபோது கையை நீட்டி மறித்தார்.

"நீங்கள் ஏறாதேங்கோ. திரும்பிப் போங்கோ."

"போய் என்ன பண்றது? எனக்கு ஒரு வார்த்தை பேசத் தெரியாதே!"

"அவரை வாசலடிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அதுக்குப் பாஷை வேண்டாம்."

கதவு மூடிக்கொண்டது. நான் ஓடினேன். நாற்பத்தைந்து வயதில், சேலையோடு, இரவல் பூட்ஸில், பனியில் ஓடுவது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்காதீர்கள். ஒருமுறை விழுந்தேன். ஒரு ஸ்வெட்டர்காரர் தூக்கிவிட்டு என்னவோ கேட்டார். "தேங்க் யூ" என்று கத்திவிட்டு ஓடினேன். அச்சகத்துத் தெருமுனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது. வாசலை அடைகிற நேரத்தில் அது நின்றுவிட்டது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

உள்ளே ஒரு ஆள் உயரத்துக்குத் தாள் அடுக்கு நின்றது. புத்தகத்தின் முதல் பதினாறு பக்கங்கள் வருகிற தாள்களில் ஒரு முகத்தை அடித்து முடித்துவிட்டார்கள். மறுமுகத்துக்கு அடுத்த அச்சுத் தகட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் அடுக்கின் மேலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு நடந்தேன். ஈர மை கையெல்லாம், முந்தானையெல்லாம் ஒட்டியது. பின்னால் ப்ரூனர் கத்திக்கொண்டே வந்தார். நான் நிற்கவில்லை. வாசலைத் தாண்டிப் பனியில் இறங்கித் தாளை விரித்து, அதன் மேல் என் பட்டுத் துண்டை மடித்து வைத்தேன்.

அவர் வாசற்படியில் வந்து நின்றார். படியிறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தாளையும் துணியையும் என் கையிலிருந்து வாங்கி உள்ளே விளக்கடிக்குக் கொண்டுபோனார், திரும்ப வாசலுக்கு வந்தார். பிறகு மெஷின்காரர்களைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அவர்கள் தகட்டை விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

அடுத்த இரண்டு மணி நேரம் இதுதான் வேலை. அவர் கலப்பார், தீற்றுவார், நான் தலையசைப்பதற்கு முன்னால் அவரே எழுந்து வாசலுக்கு ஓடுவார். நான்கரைக்கு மேல் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. இருட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. என் மனசுக்குள் இரண்டு கடிகாரம் ஓடியது: ஒன்று இந்தச் சூரியன், இன்னொன்று லுசேர்ண் சமையலறையில் இருப்பது. ஐந்துக்குச் சற்று முன்னால், ஏழாவதோ எட்டாவதோ தீற்றலோடு வாசலுக்குப் போன ப்ரூனர் திரும்பி வரவில்லை. நான் எழுந்து போனேன். கடைசி வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார். என் பக்கம் தாளை நீட்டினார். கருநீலம், உள்ளே விளக்கு.

கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் அவரும் தன் பெயரைப் போட்டார்.

ஆனால் முதலில் அடித்தது அடித்ததுதான். நான்கு மைகளும் ஏறிய தாள் வேறு கிடையாது. ஒரு பெரிய தாளின் ஒரு முகத்தில் எட்டுப் பக்கங்கள் வரும். மடித்துத் தைக்கும்போது அவை அடுத்தடுத்து விழாது. அதனால் புத்தகத்தின் முதல் பதினாறு பக்கங்களில் இரண்டு பக்கம் ஈரி சரியாக இருக்கும், அடுத்த இரண்டு பக்கம் காய்ந்த புண்ணாக இருக்கும், மறுபடி சரியாகும். ஆக மொத்தம் எட்டுப் பக்கம் பிழை. அதற்குக் காரணம் ப்ரூனரும் இல்லை, விளக்கும் இல்லை. என் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு தாள்களையும் சுருட்டிக்கொண்டு ஹோட்டலின் பின்பக்கம் போனேன். சிவநேசன் வந்தார். கண்ணைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"போய்ச் சேர்ந்துட்டீங்களா?"

"பத்து நிமிசம் முந்தியே. ஷெஃப் மணிக்கூட்டைப் பாத்தான், ஒண்டும் சொல்லேல்லை. நிறம் வந்ததோ?"

ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சரியான தாளை வாங்கினார். வெளிச்சத்துப் பக்கம் நகர்ந்து பிடித்துப் பார்த்தார். "ஓம்" என்றார். "இதுதான் ஈரி." பிறகு மற்றத் தாளைக் கேட்டார். அதை நான் மறைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. கொடுத்தேன். எட்டுப் பக்கக் கணக்கைச் சொன்னேன். ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டு எண்ணினார்.

"மன்னிச்சிடுங்க, சிவநேசன். அடுத்த பதிப்புல இதைக் கண்டிப்பா திருத்திடுவேன்."

தலையை ஆட்டினார். "திருத்தாதேங்கோ, அக்கா."

"ஏன்?"

"இந்த எட்டுப் பக்கமும் என்ரை. ஆரோ ஒருத்தனுக்கு ரயிலுக்கு நேரமாச்சு எண்டு கிடக்கட்டும்."

உள்ளேயிருந்து யாரோ அவர் பெயரைப் பாதியாக வெட்டிக் கூப்பிட்டார்கள். "யோ, யோ" என்று அந்த ஊர் ஜெர்மனில் ஆமாம் போட்டுக்கொண்டு போனார். அந்தப் பிழைத் தாளைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

சில வருடங்கள் கழித்து இரண்டாம் பதிப்பு சென்னையிலேயே அச்சானது. மறக்காமல் திருத்திவிடலாம் என்று பதிப்பாளரே சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அந்த எட்டுப் பக்கங்களும் பிழை என்று கடிதம் எழுதுகிற குழந்தைகளுக்கு, ஆமாம், பிழைதான் என்று பதில் போடுகிறேன்.